நின்ற இடத்தில் இல்லாதவன்

நெடுங்கல் தோட்டம்,
லுணுகலை.
1912 ஜூன் 9

அக்கா வடிவம்மா அவர்களுக்குத் தம்பி வைரவநாதன் எழுதுவது.

நாலு வருஷத்துக்குப் பிறகு என் கையெழுத்தைப் பார்த்ததும் கடிதத்தை அடுப்பில் போட்டுவிடாதீர்கள். முதல் பக்கத்தையாவது படியுங்கள். அப்பாவின் காரியத்துக்கு நான் வரவில்லை. அதற்குச் சொல்லக்கூடிய சமாதானம் எதுவும் என்னிடம் இல்லை. அதைப் பற்றி எழுதவும் உட்காரவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. இதைச் சொல்ல வேறு ஆள் இல்லை.

போன நவம்பரில் எங்கள் தோட்டத்தில் மண் சரிந்ததைப் பதுளைக் கடைவீதியில் பேசியிருப்பார்கள். மூன்று நாள் விடாத மழைக்குப் பிறகு, ஒரு வியாழக்கிழமை பட்டப்பகலில், மலைச்சரிவு இறங்கி ஐந்தாம் நம்பர் லயத்தை மூடியது. ஒரே கூரையின் கீழ் வரிசையாக இருந்த பன்னிரண்டு அறைகளில் ஏழு மண்ணுக்குள் போயின. பதினொரு பேர். வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்தவர்கள், காய்ச்சல்காரர்களும் கைக்குழந்தைகளும். நான் இங்கே கணக்கப்பிள்ளை. தினமும் விடிந்ததும் பெரட்டுக் களத்தில் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிட்டு மலைக்கு அனுப்புகிறவன். மண்ணிலிருந்து எடுத்தவர்களின் பெயர்களை எழுதிக் கொடுத்தவனும் நான்தான்.

போன வியாழக்கிழமை பெரட்டில் பெயர் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். பாதியில் என் குரல் எனக்கே தூரத்தில் கேட்டது, அடுத்த வீட்டில் யாரோ பேசுவதுபோல. பிறகு நான் என்னையே பார்த்தேன். களத்தின் ஓரத்தில் ஒரு சவுக்கு மரம் இருக்கிறது. அதன் உச்சியிலிருந்து பார்க்கிறேன். கீழே கறுப்புக் கோட்டுப் போட்ட ஒருவன், ஆட்களின் பெயர் எழுதும் செக்ரோல் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு வாயசைக்கிறான். அவன் தலைப்பாகை ஒருபக்கம் சாய்ந்திருக்கிறது. சரிசெய்ய நினைத்தேன். கை வரவில்லை.

அடுத்து எனக்குத் தெரிந்தது பின்னேர வெயில். பழைய ஐந்தாம் லயம் இருந்த மண்மேட்டில், ஒரு கல்லின்மேல் உட்கார்ந்திருந்தேன். நடுவில் ஒரு பகல் முழுவதையும் காணவில்லை. பயந்துபோய்ப் புத்தகத்தைத் திறந்தேன். எல்லாம் ஒழுங்காக, என் கையெழுத்திலேயே இருந்தது. அன்றைக்கு என்னோடு பேசியவர்கள் யாரும் என்னிடம் ஒரு மாற்றமும் காணவில்லை. தேயிலைக் கொழுந்து பறிக்கும் வேலாயி மட்டும் தயங்கித் தயங்கி வந்து சொன்னாள்.

"ஐயா, காலையில எங்க அண்ணி பேரைக் கூப்பிட்டீங்க. ரெங்கம்மான்னு ரெண்டு தரம். சனமெல்லாம் தலையைக் குனிஞ்சுக்கிட்டு நின்னுச்சுங்க."

ரெங்கம்மா அந்தப் பதினொரு பேரில் ஒருத்தி.

சின்ன வயதில் நான் எங்கேயோ போய்விடுவேன் என்று நீங்கள் சொன்னதாக ஒரு மங்கலான ஞாபகம். அது உண்மையா? அப்போதும் இப்படித்தான் இருந்தேனா? உங்களைத் தவிர இதைச் சொல்ல யாரும் உயிரோடு இல்லை. வேறு யாருக்கும் தெரியவேண்டாம்.

வைரவநாதன்


பதுளை, கடைவீதி.
1912 ஜூன் 21

தம்பி,

என்னை "அவர்களுக்கு" என்று எழுதியிருக்கிறாய். தோட்டத்து வெள்ளைக்காரத் துரைக்கு மனு எழுதிப் பழகிய கை. நான் உனக்கு எப்போதிருந்து நீங்கள் ஆனேன்?

அப்பா பதினேழு நாள் படுக்கையில் கிடந்தார். வாசலில் வண்டிச் சத்தம் கேட்கிற ஒவ்வொரு தடவையும் "வைரவனா?" என்று கேட்பார். கடைசி நாள் பக்கத்துக் கடை நிஸாம் நானா பார்க்க வந்தார். அப்பா கேட்டார். நான் "ஆமாப்பா, வைரவன்தான்" என்று சொல்லிவிட்டேன். அவர் நிஸாம் நானாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "சாப்பிட்டியாடா?" என்று கேட்டார். அந்த மனிதர் அழுதுகொண்டே "சாப்பிட்டேன்" என்றார். என்னை அப்படிப் பொய் சொல்ல வைத்தவன் நீ. அதை நான் மறக்கவில்லை. என் வீட்டுக்காரர் போன பிறகு இந்தத் துணிக்கடையை ஒற்றை ஆளாக நடத்துகிறேன். இங்கே ஒரு கதிரை உனக்காகக் காலியாகக் கிடந்தது. நீ மலைக்குப் போனாய்.

சரி. கேட்டதற்குப் பதில்.

பதினொரு பேரின் பெயரை எழுதிய கை, பழக்கத்தில் ஒரு பெயரைக் கூப்பிட்டிருக்கும். ஒரு வாரம் லீவு எடுத்துப் படு. நேரத்துக்குச் சாப்பிடு.

இவ்வளவோடு கடிதத்தை மடித்து வைத்தேன். இரண்டு நாள் தபாலில் போடவில்லை. நான் எழுதாமல் விட்டது ஒன்று இருக்கிறது.

ஆமாம், நீ போவாய். உனக்கு ஏழு வயது. அப்பா கோபம் வந்தால் உன்னைத் தன் பலசரக்குக் கடையின் பின்பக்கத்துக் குடோனில் மிளகாய் மூட்டைகளுக்கு நடுவில் வைத்துப் பூட்டுவார். திறக்கும்போது மற்றப் பிள்ளைகளாக இருந்தால் அழுது வீங்கியிருக்கும். நீ சாந்தமாக உட்கார்ந்திருப்பாய். கண் திறந்திருக்கும், பார்வை இருக்காது. அப்பாவுக்கு அதில்தான் கோபம் இன்னும் ஏறும். நான் உன் கையைக் கிள்ளுவேன். நகம் பதிந்த இடம் சிவக்கும், நீ திரும்பமாட்டாய். அரைமணி கழித்து, தூங்கி எழுந்தவன்போல "அக்கா, மிளகாய்ப்பட்டணத்துக்குப் போயிருந்தேன்" என்பாய்.

அந்தப் பட்டணத்தைப் பற்றி நீ சொன்ன கதைகளைக் கேட்டுத்தான் நான் அம்மா இல்லாத வீட்டில் நித்திரை கொண்டேன். தெருவெல்லாம் ஆறு. கடைக்குப் படகில் போவார்கள். எந்தக் கடைக்கும் கதவு கிடையாது. ஆனால் நீ கண்ணைத் திறந்துகொண்டு இல்லாமல் இருந்த நேரங்களும் உண்டு. ஒருநாள் நீ வராமலே போய்விடுவாய் என்று அன்றைக்கு நினைத்தேன். உன் கடிதத்தைப் படித்ததும் அதையேதான் நினைத்தேன்.

வடிவு


நெடுங்கல் தோட்டம்.
1912 ஜூலை 18

அக்கா,

நீ என்று எழுத எனக்கே ஆறுதலாக இருக்கிறது.

மிளகாய்ப்பட்டணம் என்ற பெயரைப் படித்ததும் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டேன். பெயரைத்தான் மறந்திருந்தேன். அந்த இடத்துக்கு இப்போது வாரத்துக்கு இரண்டு தடவை போகிறேன். தெருக்களில் ஆறு இல்லை. வரிசையாகப் பன்னிரண்டு அறை, ஒரே கூரை. அது ஐந்தாம் நம்பர் லயம், அக்கா. சரியாமல் முழுசாக நிற்கிறது. வாசலில் துணி காய்கிறது. பதினொரு பேரும் இருக்கிறார்கள். ரெங்கம்மா படியில் உட்கார்ந்து கீரை ஆய்கிறாள். யாரும் என்னைப் பார்ப்பதில்லை. கொஞ்சநேரத்தில் எல்லோரும் செய்கிற வேலையை நிறுத்திவிட்டுத் தலையை நிமிர்த்தி, லயத்துக்கு மேலே மலையைப் பார்ப்பார்கள். அத்தோடு நான் திரும்பிவிடுவேன். திரும்பும்போது வேறு எங்காவது இருப்பேன். ஒருநாள் ஓடைக்குள் முழங்கால் தண்ணீரில் நின்றேன். ஒருநாள் விளக்குக் கண்ணாடியைப் பிடித்தபடி இருந்தேன். உள்ளங்கை வெந்திருந்தது, வலியே தெரியவில்லை.

இன்னொன்றும் சொல்கிறேன். அங்கே இருக்கும்போது பயம் இல்லை. இங்கே வந்த பிறகுதான் பயம். அதனால் அங்கேயே இருந்துவிட்டால் என்ன என்று ஒரு நினைப்பு வருகிறது.

விஷயம் வெளியில் தெரிந்துவிட்டது. பெரிய கங்காணி சின்னராசா நேற்று வந்தார்.

"ஒங்களுக்கு ஒண்ணுமில்லீங்க. ரெங்கம்மா புடிச்சிருக்கா. நம்ம கோடாங்கி உடுக்கையை எடுத்தாருன்னா ரெண்டே அடியில எறங்கிடுவா" என்றார்.

அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். அடி விழப்போவது என் முதுகில். தோட்டத்து மருந்துக்காரர் வேறு விதமாகச் சொல்கிறார். இன்னொரு தடவை இப்படி ஆனால் துரைக்கு எழுதிக் கொடுப்பாராம், துரை என்னைக் கொழும்புக்கு, பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவாராம். அங்கே போன ஒருவன் திரும்பி வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

பேயா, பைத்தியமா? இரண்டில் ஒன்றை நீயாவது சொல்.

வைரவன்


பதுளை.
1912 ஆகஸ்டு 6

தம்பி,

கோடாங்கியிடம் போகாதே. மருந்துக்காரரிடமும் வாயைத் திறக்காதே. நான் சொல்வதை முதலில் கேள்.

உன் கடிதத்தை வைத்துக்கொண்டு ஒரு வாரம் தவித்தேன். உன் பெயரைச் சொல்லாமல், எனக்குத் தெரிந்த ஒருவருக்கு என்று சொல்லி, நிஸாம் நானாவின் மனைவி ஸகீனாவிடம் கேட்டேன். அவள் கையிலிருந்த தையலைக் கீழே வைத்துவிட்டாள். மூன்றாவது பிள்ளைக்கு இரண்டு நாள் வலியில் கிடந்தபோது அவள் கூரை வளையிலிருந்து தன்னையே பார்த்தாளாம். கீழே ஒருத்தி கத்துகிறாள், பாவம், யாரோ, என்று நினைத்தாளாம். பிள்ளை தங்கவில்லை. பதினைந்து வருஷமாக இதை அவள் புருஷனிடம்கூடச் சொல்லவில்லை. "எனக்குக் கோட்டி, பைத்தியம் என்று சொல்லிப்போடுவாங்க" என்றாள்.

பிறகு நான் வீட்டுக்கு வந்து என்னைப் பற்றி யோசித்தேன். என் வீட்டுக்காரர் செத்தார் என்று ஆள் வந்து சொன்ன அன்று, நான் மாலைவரை கடையில் சீத்தைத் துணி அளந்து கிழித்துக் கொடுத்தேனாம். ஒரு முழம்கூடப் பிசகவில்லையாம். எனக்கு அதில் ஒன்றுமே ஞாபகமில்லை. என் கை அளந்தது. நான் எங்கே இருந்தேன்? என்னைப் பேய் பிடித்ததாக யாரும் சொல்லவில்லை. கெட்டிக்காரி என்றார்கள்.

ஆகவே இது பேயில்லை, வைரவா. பைத்தியம் என்றும் நான் நினைக்கவில்லை. தாங்க முடியாத ஒன்று வரும்போது மனது ஆளை வேறு பக்கம் அனுப்பிவிடுகிறது. ஸகீனாவுக்கும் எனக்கும் அது ஒரு தடவை. உனக்கு ஏழு வயதிலேயே அது பழகிப்போயிற்று. உனக்கு மற்றவர்களைவிடக் கற்பனை அதிகம், அதனால் மற்றவர்கள் வெறும் இருட்டுக்குள் போகிறபோது நீ ஒரு ஊரையே கட்டிக்கொண்டு போனாய். எனக்குக் கதை சொன்ன வைரவனும், கிள்ளினாலும் திரும்பாத வைரவனும் ஒருவன்தான். ஒன்றை நான் ஆசையோடு கேட்டேன், மற்றதைப் பார்த்து நடுங்கினேன். அது என் பிழை.

ஆனால் ஒரு கேள்வி. சின்ன வயதில் நீ எதற்குப் பயந்து அங்கே போனாய் என்று எனக்குத் தெரியும். அப்பாவுக்கு. இப்போது எதற்குப் பயந்து போகிறாய்? செத்தவர்களுக்கு என்று சொல்லாதே. அவர்களோடு இருக்கும்போது பயமில்லை என்று நீயே எழுதியிருக்கிறாய். அவர்கள் மலையைப் பார்த்ததும் திரும்பிவிடுகிறாய். அவர்கள் பார்க்கிற இடத்தை நீ ஏன் பார்ப்பதில்லை?

வடிவு


நெடுங்கல்.
1912 செப்டம்பர் 24

அக்கா,

அந்தக் கேள்வியை இனிக் கேட்காதே.

ஐந்தாம் லயத்துக்குப் பதிலாகப் புது லயம் கட்டி முடித்துவிட்டார்கள். பழையதிலிருந்து இருநூறு அடி தள்ளி, அதே மலையின் கீழே. மழைக்கு முன் பன்னிரண்டு குடும்பம் குடியேற வேண்டும். வேலாயி குடும்பமும் அதில் ஒன்று. யார் யார், எந்த அறை என்று என்னை எழுதித் தரச் சொல்லியிருக்கிறார் துரை. எழுத உட்கார்ந்தால் அந்தப் பதினொரு பேரின் பெயர்தான் எழுதுகிறது கை. மூன்று தாளைக் கிழித்துப் போட்டேன்.

நீ எழுதாமல் இருந்தால் நல்லது.

வை.


பதுளை.
1912 அக்டோபர் 16

வைரவா,

இரண்டு கடிதம் போட்டுவிட்டேன், பதில் இல்லை. போன வாரம் நிஸாம் நானாவின் வண்டி லுணுகலைக்கு வந்தது. வண்டிக்காரர் உன்னைத் தோட்டத்து ரோட்டில் பார்த்துப் பேர் சொல்லிக் கூப்பிட்டாராம். நீ அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒரு மரத்தைக் கடந்து போவதுபோல் போய்விட்டாயாம். கையில் ஒரு நீளக் கம்பு வைத்திருந்தாயாம். அதில் பாதிக்குமேல் ஈர மண் அப்பியிருந்ததாம்.

இங்கே மழை தொடங்கிவிட்டது. நான் கேட்டது தப்பென்றால் தப்புத்தான். நீ எங்கே இருந்தாலும் எனக்கு ஒரு வரி எழுது. மாத முடிவுக்குள் வராவிட்டால் கடையைப் பூட்டிவிட்டு நானே வருகிறேன்.

அக்கா


நெடுங்கல் தோட்டம்.
1912 அக்டோபர் 28

அக்கா,

பார்த்துவிட்டேன்.

வண்டிக்காரர் சொன்னது உண்மைதான். அவரைக் கண்டது எனக்கு ஞாபகமில்லை. அன்றைக்கு நான் அங்கே போயிருந்தேன். லயத்துப் பதினொரு பேரும் தலையை நிமிர்த்தினார்கள். எப்போதும்போல் திரும்பப்போனேன். உன் கேள்வி ஞாபகத்துக்கு வந்தது. நின்றேன். நானும் மேலே பார்த்தேன். ரெங்கம்மா எழுந்து வந்து என் பக்கத்தில் நின்று, முதல் தடவையாகப் பேசினாள். அவள் சொன்னது கற்பனை இல்லை, அக்கா. அது அவள் உயிரோடு இருந்தபோது என்னிடம் சொன்னது.

மண் சரிந்தது வியாழக்கிழமை. அதற்கு முந்தின திங்கட்கிழமை, அவள் கொழுந்துக் கூடையோடு என்னைத் தேடி வந்தாள். "ஐயா, லயத்துக்கு மேல தரை பொளந்து கெடக்குதுங்க. கைய விட்டா முழுசா உள்ள போகுது. துரைகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றாள். நான் போய்ப் பார்த்தேன். மலைக்குக் குறுக்கே, தேயிலைச் செடிகளுக்கு நடுவில், ஒரு நீளமான வெடிப்பு. என் கையை முழங்கைவரை விட்டேன். உள்ளே குளிர்ந்த காற்று வந்தது. "சொல்றேன், நீ போ" என்றேன்.

துரையின் பங்களாவுக்குப் போனேன். அன்றைக்கு அவர் எதற்கோ கத்திக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும், "என்னா வேணும்? வேலை நேரம் இங்கே என்னா?" என்றார். அந்தக் குரல் அப்பாவின் குரல்போலவே இருந்தது. அவ்வளவுதான். அடுத்து எனக்குத் தெரிந்தது, நான் ரோட்டில் இறங்கி நடந்துகொண்டிருந்தேன். சொன்னேனா, சொல்லவில்லையா என்றே தெரியவில்லை. சொல்லியிருப்பேன் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைப்பது சுலபமாக இருந்தது. பிறகு வெடிப்பையும் மறந்தேன், ரெங்கம்மா வந்ததையும் மறந்தேன். பதுளைக் கோர்ட்டில் மரண விசாரணை நடந்தபோது, "முன்கூட்டி யாராவது ஏதாவது சொன்னார்களா?" என்று கேட்டார்கள். "இல்லை" என்றேன். சத்தியமாக நம்பித்தான் சொன்னேன்.

நீ மனது ஆளைக் காப்பாற்ற அனுப்புகிறது என்று எழுதினாய். என்னைக் காப்பாற்றியது. அவர்களை விட்டுவிட்டது.

இன்னும் இருக்கிறது. ஞாபகம் வருவதற்கு முன்பே என் கை கம்பை எடுத்திருக்கிறது; இப்போது தினமும் அதோடு புது லயத்துக்கு மேலே ஏறிப் பார்க்கிறேன். அங்கேயும் வெடித்திருக்கிறது. போன வாரம் இரண்டு விரல் அகலம். இன்று என் கால் நுழைகிறது. பன்னிரண்டு குடும்பமும் குடியேறிவிட்டது.

துரையிடம் போகவேண்டும். அந்த வராந்தாவில் போய் நின்றதும் மறுபடி நான் இல்லாமல் போய்விட்டால் என்ன செய்வேன்? இதைவிடப் பெரிய பயம் எனக்கு வந்ததில்லை. துரையைப் பற்றிய பயம்கூட இதற்குப் பிறகுதான். சீக்கிரம் எழுது. தோட்டத்துத் தபால்காரரை லுணுகலைத் தபால் கந்தோரிலேயே காத்திருக்கச் சொல்லியிருக்கிறேன்.

வைரவன்


பதுளை.
1912 அக்டோபர் 31

வைரவா,

உன் கடிதம் வந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. நிஸாம் நானாவின் வண்டி வாசலில் நிற்கிறது, ஆகவே சுருக்கமாக எழுதுகிறேன்.

போகாமல் இருக்கவேண்டும் என்று உன்னோடு நீயே சண்டை போடாதே. அப்படிச் செய்தால்தான் சீக்கிரம் போவாய். போனால் போ. ஆனால் தயார் செய்துகொண்டு போ. வெடிப்பு எங்கே, எவ்வளவு நீளம், எவ்வளவு ஆழம், எல்லாவற்றையும் உனக்குத் தெரிந்த இங்கிலீஷில் ஒரு தாளில் எழுது. அதைக் கையில் பிடித்துக்கொண்டு போ. நீ இல்லாத நேரத்திலும் உன் கை வேலை செய்கிறது, செக்ரோல் ஒழுங்காக இருந்தது என்று நீதானே எழுதினாய். என் கையும் அன்றைக்குத் துணியை ஒழுங்காக அளந்தது. அந்தக் கையை நம்பு. தனியாகவும் போகாதே. வேலாயியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, அவளைக் கூட்டிக்கொண்டு போ. எல்லாவற்றையும் என்றால், அவள் அண்ணி உன்னிடம் வந்ததையும்தான்.

உனக்கு ஆறுதல் எழுத எனக்கு வரவில்லை. பதினொரு பேர். அதை மன்னிக்கவோ மன்னிக்காமல் இருக்கவோ நான் யார்?

ஒன்று மட்டும் சொல்கிறேன். குடோன் சாவி அப்பாவின் மேசைப் பக்கத்துச் சுவர் ஆணியில் தொங்கும். எனக்கு எட்டும். ஒருதடவைகூட நான் அதை எடுத்துக் கதவைத் திறந்ததில்லை. வெளியே நின்று, நீ வருகிறாயா என்று கதவிடுக்கில் பார்த்துக்கொண்டிருப்பேன். அப்பாவின் குரல் எனக்கும்தான் பயம். இதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

உடனே போ. மழை வலுக்கிறது.

அக்கா


நெடுங்கல் தோட்டம்,
மாரியம்மன் கோயில்.
1912 நவம்பர் 11

அக்கா,

உன் கடிதம் இரண்டாம் தேதி வந்தது. அன்றைக்கே வேலாயியிடம் சொன்னேன். கொழுந்து நிறுக்கும் இடத்துக்குப் பின்னால், மழையில் நின்றபடி சொன்னேன். அவள் கூடையை இறக்கி வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாயிருந்திருக்கும். "காயிதத்தை எழுதுங்க. நானும் வர்றேன்" என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் காலையில் பங்களா வராந்தாவில் நின்றோம். துரை வந்தார். வேலாயியைக் கண்டதும், "இது என்னா, பொம்பளை ஆள் மலைக்குப் போகாம இங்கே?" என்று கத்தினார். கத்தினதும் நான் போய்விட்டேன். ஆனால் இந்தத் தடவை போகிறேன் என்று தெரிந்துகொண்டே போனேன். வராந்தாக் கூரையின் தகரத்தோரத்திலிருந்து பார்க்கிறேன். கீழே நிற்கிறவனுக்கு உதடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. கையில் தாள் இருக்கிறது. அவனை நான் வெறுக்கவில்லை, அக்கா. அவனுக்கு ஏழு வயது என்று எனக்குத் தோன்றியது. "ஐயா, காயிதம்" என்றாள் வேலாயி. கை நீண்டது. துரை வாங்கிப் படித்தார்.

"போன வருசம் நீ ஏன் சொல்லல?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்குத் திரும்பி வந்தேன். கால் தரையில் இருப்பது தெரிந்தது. "சொல்லலைங்க துரை. ரெங்கம்மா எங்கிட்ட வந்து சொன்னா. நான் பயந்துபோய்ச் சொல்லாம விட்டுட்டேன்" என்றேன்.

அவர் மறுபடி தாளைப் பார்த்தார். தாளை நாலாக மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். விசாரணை மறுபடி வரும் என்று அவருக்கும் தெரிந்திருக்கும். புது லயத்துக்கு ஒன்றும் ஆகாது, யாரும் அறையை விட்டு வரக்கூடாது, என் வேலை இந்த வாரத்தோடு சரி என்றார்.

வாரம் முடிய இன்னும் சில நாள் இருந்தது. மறுநாள் பெரட்டில் பெயர் கூப்பிட்டேன். உயிரோடு இருப்பவர்களைக் கூப்பிட்டு முடித்ததும், அந்தப் பதினொரு பேரையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். இந்தத் தடவை தெரிந்தே கூப்பிட்டேன். பிறகு எல்லாவற்றையும் களத்தில் நின்று சொன்னேன். மழைச் சத்தத்தில் குரலை உயர்த்திச் சொல்லவேண்டியிருந்தது.

பெரிய கங்காணி சின்னராசா, "கணக்கப்பிள்ளைக்கு முத்திப்போச்சு, நீங்க மலைக்குப் போங்க" என்றார்.

"முத்தலீங்க கங்காணி. நான் போயிப் பாத்துட்டேன். நீங்களும் போயிக் கைய விட்டுப் பாருங்க" என்றாள் வேலாயி.

அவர் போனார். திரும்பி வந்தபோது அவருடைய வலது கை தோள்வரை மண்ணாக இருந்தது. நேரே புது லயத்துக்குப் போய், நடக்க முடியாத ஒரு நோயாளியை முதுகில் தூக்கிக்கொண்டு எதிர் மேட்டுக் கோயிலுக்கு ஏறினார். அதற்குப் பிறகு நான் யாருக்கும் சொல்லவேண்டியிருக்கவில்லை. பானை சட்டியோடு பன்னிரண்டு குடும்பமும் ஏறின. துரை இரண்டு தடவை வந்து கத்தினார். யாரும் இறங்கவில்லை.

கோயில் தகரக் கூரையின் கீழே நாலு நாள் இருந்தோம். பிள்ளைகள் பயத்தில் தாய்மாரின் முந்தானையை விடவில்லை. ஒரு மத்தியானம் அவர்களைக் கூப்பிட்டு மிளகாய்ப்பட்டணத்துக் கதை சொன்னேன். ஆறு ஓடுகிற தெருவில் பிள்ளைகளோடு நானும் படகில் போனேன். ஒரு பிள்ளை இருமியது, உடனே திரும்பி வந்தேன். என் விருப்பத்தோடு போய் என் விருப்பத்தோடு வந்தது, எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை. அந்த ஊர் எனக்கு எதிரி இல்லை, அக்கா. நான் சொல்லாமல் புதைத்ததை ஒரு வருஷம் கெடாமல் வைத்திருந்தது அதுதான். நான்தான் அங்கே கேட்கப் பயந்தேன்.

எட்டாம் தேதி காலை பத்து மணிக்கு மலை இறங்கியது. முதலில் ஒரு மரம் நடப்பதுபோல் நகர்ந்தது. பிறகு சத்தம். புது லயத்தில் எட்டு அறை போயிற்று. உள்ளே ஒரு உயிர் இல்லை.

எல்லோரும் அழுதார்கள், கும்பிட்டார்கள். நான் எங்கேயாவது போய்விடுவேன் என்று எதிர்பார்த்தேன். போகவில்லை. முழுக்க அங்கேயே நின்றேன். மண் வாசனை, என் நனைந்த கோட்டின் பாரம், காதில் இரைச்சல், எல்லாம் என்மேலேயே விழுந்தன. நின்ற இடத்தில் இருப்பது இவ்வளவு பயங்கரமானது என்று எனக்குத் தெரியாது. மற்றவர்கள் எல்லோரும் எப்போதும் இப்படித்தான் இருக்கிறார்களா?

வேலாயி என் பக்கத்தில் வந்து நின்றாள். மண்மேட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "எங்க அண்ணிக்கும் இப்படி ஒரு வார்த்தை சொல்லியிருந்தாப் போதுமே ஐயா."

கேட்டுக்கொண்டு நின்றேன்.

நாளை மறுநாள் புறப்பட்டுப் பசறை வழியாக நடந்து வருகிறேன். முதலில் கோர்ட்டுக்குப் போய், போன வருஷம் நான் சொன்னது பொய் என்று எழுதிக் கொடுக்கப்போகிறேன். என்னைப் பிடித்து வைப்பார்களா, எவ்வளவு நாள் என்று தெரியாது. பூட்டிய அறை என்றால் எனக்கு இன்னும் அந்தக் குடோன்தான். கடைக்கு முதலில் வரமாட்டேன். உன் முகத்தைப் பார்த்தால் பிறகு அங்கே போகமாட்டேன்.

வைரவன்


(பசறையில், நிஸாம் நானாவின் வண்டிக்காரர் கையில் கொடுக்க)

1912 நவம்பர் 14

வைரவா,

நீ கடைக்கு வரவேண்டாம். நான் கோர்ட்டு வாசலுக்கு வந்து நிற்கிறேன். ஸகீனாவும் நிஸாம் நானாவும் கூட வருகிறார்கள். நான் பெயர் சொல்லாமல் கேட்ட அந்த ஒருவர் நீதான் என்று ஸகீனாவிடம் சொல்லிவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே.

எங்களைப் பார்த்ததும் நின்று பேசாதே. தலையை ஆட்டிவிட்டு நேரே உள்ளே போ. அவர்கள் கேட்கும்போது நீ எங்காவது போய்விட்டால், வெட்கப்படாமல், "கொஞ்சம் பொறுங்கள்" என்று சொல்லக் கற்றுக்கொள். மேஜிஸ்திரேட் துரை பொறுக்கமாட்டார். நான் பொறுப்பேன். பிடித்து வைத்தால் எந்த இடம் என்று கேட்டு, அந்தக் கதவுக்கு வெளியே தினமும் வந்து நிற்பேன். இந்தத் தடவை இடுக்கில் பார்த்துக்கொண்டு சும்மா நிற்கமாட்டேன், உன் பெயரைச் சத்தமாகக் கூப்பிடுவேன்.

எனக்கும் பயம்தான். வா.

அக்கா